அப்பாவின் இடப்பக்கமும் அடைகோழியின் இடக்கண்ணும்

பாரிசவாதம் என்றால் கையும் காலும் விழுவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மூளையின் வலப்பாதியில் இரத்தம் அடைபட்டால் ஒருவருக்கு உலகத்தின் இடப்பக்கமே கவனத்திலிருந்து போய்விடலாம் என்பதை அறிந்தவர்கள் குறைவு. உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிற நானும் அதைப் பெயரளவில்தான் அறிந்திருந்தேன். முத்தையன்கட்டில் வயல் செய்துகொண்டிருந்த அப்பாவுக்கு அது வந்த பிறகுதான் அதன் முழு உருவமும் தெரிந்தது. வன்னியில் இப்படியான நோயாளியைப் பார்ப்பது பெரும்பாலும் வீட்டு ஆட்கள்தான். பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்தால் ஒரு பகல் போய்விடும். ஆகவே எங்களுக்குக் கைகொடுத்தவற்றையும் அவை ஏன் கைகொடுத்தன என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். காரணம் பிடிபட்டால் ஒவ்வொரு வீடும் தனக்கேற்ற வழியைத் தானே கண்டுபிடித்துவிடும்.

எங்களுக்கு அது முதலில் தெரிந்தது சாப்பாட்டுக் கோப்பையில். அப்பா ஆஸ்பத்திரியால் வந்த கிழமை. அம்மா சோற்றைப் போட்டு, ஒரு கரையில் பருப்பும் கத்தரிக்காயும், மற்றக் கரையில் குளத்து ஜப்பான் மீன் பொரியலும் வைத்துக் கொடுத்தார். அப்பா பருப்புப் பக்கத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கையைக் கழுவப் பார்த்தார்.

"மீன் ஒண்டும் பொரிக்கேல்லையோ?"

"உங்கட கோப்பையிலதானே கிடக்கு. கண் தெரியேல்லையோ?"

"எங்கயப்பா கிடக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். உண்மையாகவே தேடினார். சோறு நட்டநடுவில் கத்தியால் வெட்டினமாதிரி நேராக நின்றது. வலப்பக்கம் துடைத்து எடுத்த வெறும் கோப்பை, இடப்பக்கம் ஒரு பருக்கை குலையாத சோறும் மீனும். நான் கோப்பையைப் பிடித்து அரைவட்டம் திருப்பினேன். "ஆ, இந்தா கிடக்கு" என்று எடுத்துச் சாப்பிட்டார். அவர் முகத்தில் வியப்புக்கூட இல்லை. மீன் அப்போதுதான் வந்ததாக அவருக்குப் பட்டிருக்கிறது.

பிறகு பார்த்தால் எல்லாவற்றிலும் அதே கதை. முகத்தின் வலப்பாதியை மட்டும் வழித்திருப்பார். இடப்பக்கத்துக் கதிரையில் யார் இருந்து கதைத்தாலும் மறுமொழியை வலப்பக்கத்தைப் பார்த்துச் சொல்லுவார். இடக்கை கட்டிலுக்குக் கீழே தொங்கி மடிந்து கிடந்தாலும் கவனியார். பார்க்க வந்த சனம் ஒவ்வொன்று சொன்னது. புத்தி மாறிப்போச்சு என்றார்கள், வீம்பு என்றார்கள், நூல் கட்டச் சொன்னார்கள். கண் கிளினிக்கில் காட்டினோம். பார்வையில் குறையில்லை என்றார்கள். அவரை விட்ட வார்ட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் அம்மா அத்தனை நாள் அழுதிருக்கமாட்டார். அந்தக் கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

கண் பார்க்கிறது, கவனம் போகவில்லை. இதுதான் விஷயம். மூளையின் வலப்பாதி இரண்டு பக்கத்தையும் கண்காணிக்கிறது. இடப்பாதி பெரும்பாலும் வலப்பக்கத்தைத்தான் கவனிக்கிறது. இடப்பாதி பழுதானால் வலப்பாதி இரண்டு பக்கத்தையும் ஓரளவு சமாளித்துவிடும். வலப்பாதி பழுதானாலோ இடப்பக்கத்துக்குக் காவல் ஆளில்லை. இப்படி இடப்பக்கம் கவனத்திலிருந்து போவதை இடப்புறக்கணிப்பு என்பார்கள். அது வலப்பக்க மூளைப் பாதிப்பிலேயே அதிகமாகவும் நீண்டகாலத்துக்கும் காணப்படுவதற்கு நரம்பியலாளர்கள் சொல்லும் முக்கிய விளக்கம் இது. இல்லாமல் போனது கவனம் என்பதால், இல்லாமல் போனது என்பதையும் நோயாளியால் கவனிக்க முடிவதில்லை. சிலர் இடக்கை விழுந்ததையே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அவர்கள் சாதிக்கவில்லை, அவர்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிகிறது.

1978இல் இத்தாலியில் பிசியாக், லுசாற்றி என்ற இருவர் செய்த ஒரு பரிசோதனை உண்டு. மிலான் நகரத்துப் பெரிய கோயிற் சதுக்கத்தை மனத்தில் நினைத்துச் சொல்லும்படி இப்படியான நோயாளிகளைக் கேட்டார்கள். கோயிலைப் பார்த்தபடி நிற்பதாக நினைக்கச் சொன்னபோது வலப்பக்கக் கட்டடங்களையே சொன்னார்கள். கோயில் வாசலில் நின்று சதுக்கத்தைப் பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும் முன்பு விட்ட கட்டடங்கள் வந்தன, முன்பு சொன்னவை போயின. இதை வாசித்த அன்று பின்னேரம் அப்பாவைக் கேட்டேன்.

"அப்பா, எங்கட படலையில நிண்டு குளக்கட்டுக்குப் போறமாதிரி நினைச்சுக்கொண்டு, வழியில என்ன என்ன கிடக்கெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

சங்கக்கடை, பெரியப்பாவின் தென்னங்காணி, நெல்லுமில். எல்லாம் வலப்பக்கம். பிள்ளையார் கோயிலைச் சொல்லவில்லை. அந்தக் கோயிலில் பொங்காமல் அவர் ஒரு போகமும் விதைத்ததில்லை. கொஞ்சம் பொறுத்து, "இப்ப குளக்கட்டில இருந்து வீட்டுக்குத் திரும்பி வாறியள்" என்றேன். பிள்ளையார் கோயில், பால் எடுக்கிற இடம், வாய்க்கால் மதகு, தம்பி வீடு என்று வரிசையாக வந்தன. சங்கக்கடை காணாமல் போனது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பாவின் நினைவில் ஊர் முழுசாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கிற திசைதான் பாதியை மறைத்தது. அம்மாவைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்ல வைத்தேன். அன்றைக்குப் பிறகு அம்மா அவரை ஒருநாளும் ஏசவில்லை.

கோழிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். எங்கள் முற்றம் கிறவல் போட்டது. அம்மா குறுணி விசிறினால் குஞ்சுகள் கிறவல் கல்லுக்கும் குறுணிக்கும் நடுவில் டக் டக்கென்று பொறுக்கும். கல்லும் குறுணியும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே நிறம். அதே நேரத்தில் மேலே பிராந்து வட்டமிட்டால் தாய்க்கோழி தலையைச் சரித்து ஒரு கண்ணை வானத்துக்குக் கொடுத்து நிற்கும். பார்த்துப் பழகிய காட்சிதான். ஆனால் இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு கண் என்று மூளையே பிரித்து வைத்திருக்கிறது.

பறவையின் கண் நரம்பு ஏறக்குறைய முழுவதும் எதிர்ப்பக்க மூளைக்குக் கடந்து போகிறது. வலக்கண் பார்ப்பது இடமூளைக்கு, இடக்கண் பார்ப்பது வலமூளைக்கு. எங்களுக்கு இரண்டு பாதியையும் இணைக்கிற தடித்த நரம்புப் பாலம் பறவைக்கு இல்லை. அவுஸ்திரேலியாவில் லெஸ்லி ரொஜர்ஸ் 1970களின் இறுதியிலிருந்து கோழிக்குஞ்சுகளில் இதை ஆராய்ந்தார். தானியத்தையும் சிறு கற்களையும் கலந்து போட்டு ஒரு கண்ணை மூடிவிட்டால், வலக்கண்ணால் பார்க்கும் குஞ்சு விரைவில் கல்லைத் தவிர்க்கப் பழகுகிறது. இடக்கண்ணால் மட்டும் பார்க்கும் குஞ்சு கல்லையும் கொத்திக்கொண்டே இருக்கிறது. மேலேயிருந்து வரும் ஆபத்தைக் கவனிப்பதில் இடக்கண்ணும் வலமூளையும் முந்திக்கொள்கின்றன. நுணுக்கமாகப் பிரித்தறிவது ஒரு பாதி, சுற்றுமுற்றும் விழிப்பாக இருப்பது மறுபாதி. தேரைகூட இடப்பக்கத்தால் வரும் எதிரியைக் கண்டால் கூடுதல் விரைவாகப் பாய்ந்து விலகுகிறது.

இந்தப் பிரிவினை முட்டைக்குள்ளேயே தொடங்குகிறது. பொரிக்கிறதுக்குக் கிட்டிய நாட்களில் குஞ்சு தலையை ஒருபக்கம் திருப்பிக் கிடக்கும். இடக்கண் உடம்போடு ஒட்டி மறைந்திருக்கும், வலக்கண் ஓட்டுப் பக்கம். ஓட்டினூடு கசியும் வெளிச்சம் வலக்கண்ணுக்கு மட்டும் கிடைக்கிறது. அது பார்வைக்கான நரம்புத் தொடுப்பை ஒருபக்கமாகத் தூண்டுகிறது. முழு இருட்டில் பொரித்த குஞ்சுகளில் இந்த வித்தியாசம் நன்றாகக் குறைந்துவிடும். 2004இல் ரொஜர்சும் இத்தாலியரான வல்லோர்த்திகாராவும் மற்றவர்களும், வெளிச்சம் பட்ட குஞ்சுகளுக்கும் இருட்டில் பொரித்த குஞ்சுகளுக்கும் இரண்டு வேலையை ஒரேநேரத்தில் கொடுத்தார்கள்: கல்லுக்குள் தானியம் பொறுக்க வேண்டும், தலைக்கு மேலே நகரும் பருந்து உருவத்தையும் கவனிக்க வேண்டும். வெளிச்சம் பட்டவை இரண்டையும் செய்தன. இருட்டில் பொரித்தவை தடுமாறின. நேரம் போகப் போகக் கல்லைக் கொத்துவதும் கூடியது. தனித்தனியாக வேலை பார்க்கும் இரண்டு பாதிகள் இருப்பதன் பயன் இதுதான் என்று எனக்குத் தெளிவாகப் பட்டது. சாப்பிடவும் வேண்டும், சாப்பாடாகாமல் தப்பவும் வேண்டும்.

இதை வைத்துக் கோழி வளர்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அடைகோழியைக் கடகத்தில் வைக்கோல் போட்டு இருட்டு மூலையில் வைத்தாலும், அது நாளுக்கு ஒருக்கால் இரைக்கும் தண்ணிக்கும் எழும்பிப் போகும். அந்தச் சிறுபொழுதில் முட்டையில் வெளிச்சம் படும். ஆகவே கூட்டுக்கு மேலே சாக்குப் போட்டு மூடிவிடாதீர்கள், எழும்புகிற கோழியைக் கலைத்துத் திரும்ப இருத்தவும் வேண்டாம். வீட்டில் பெட்டி செய்து பொரிக்கிறவர்கள் கடைசி மூன்று நான்கு நாட்களில் தினமும் சில மணி நேரம் உள்ளே வெளிச்சம் இருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள். கீரியும் பிராந்தும் உள்ள வன்னி முற்றத்தில் திறந்துவிட்டு வளர்க்கிற குஞ்சுக்கு அந்த விழிப்பு தேவை.

அப்பாவிடம் வருகிறேன். வலமூளை சுற்றுப்புறக் காவல் என்று விளங்கியபிறகு, வீட்டை அதற்கேற்ப மாற்றினோம். ஆரம்பத்தில் தண்ணிச் செம்பு, போன், கூப்பிடுகிற மணி எல்லாவற்றையும் கட்டிலின் வலப்பக்கம் வைத்தோம். அவசரத்துக்குத் தேவையானது எப்போதும் அவருக்குத் தெரிகிற பக்கத்தில்தான் இருக்கவேண்டும். நாங்களும் வலப்பக்கத்தால் போய்க் கதைத்தோம். இடப்பக்கத்தால் போனால் திடீரென்று ஆள் முளைத்ததுபோலத் திடுக்கிடுவார். அவர் கொஞ்சம் தேறிய பிறகு பிசியோதெரபிக்குப் பொறுப்பான தங்கச்சி சொன்னபடி, கதைத்துக்கொண்டே மெல்ல மெல்ல நடுவுக்கும், பிறகு இடப்பக்கத்துக்கும் நகர்ந்தோம். குரலைத் தேடித் தலை திரும்பும். பேரப்பிள்ளையை இடப்பக்கத்தில் இருத்தியபோது அவர் திரும்பியதுபோல வேறு எதற்கும் திரும்பவில்லை.

பேப்பர் வாசிக்கத் தொடங்கியபோது வரிகள் பாதியிலிருந்து தொடங்கியதால் ஒன்றும் விளங்காமல் எறிந்தார். இடது ஓரத்தில் மேலிருந்து கீழே தடித்த சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தோம். ஒவ்வொரு வரிக்கும் "சிவப்புக்குப் போங்கோ" என்பது விதி. சிவப்பு தெரியாமல் வாசிக்கத் தொடங்கக்கூடாது. அதே சிவப்பை ரேப்பாகக் கதவு நிலையின் இடப்பக்கத்திலும், கக்கூசுக்குப் போகும் வழியிலும், சாப்பாட்டு மேசையின் இட ஓரத்திலும் ஒட்டினோம். கோப்பையை நாங்கள் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தி, அவரையே திருப்பப் பழக்கினோம். சாப்பிட்டு முடிந்ததும் கையால் கோப்பையின் விளிம்பை ஒரு சுற்றுத் தடவுவார். விரல் சோற்றில் முட்டினால் திருப்புவார். இதை அவரே கண்டுபிடித்தார். இடக்கையில் அசைவு கொஞ்சம் திரும்பியதும், ஏதாவது தேடும்போது அந்தக் கை விரல்களை ஆட்டச் சொல்லும் பயிற்சியும் உதவியது. உறுப்பின் அசைவு கவனத்தை அந்தப் பக்கம் இழுக்கிறது.

ஆபத்தான விஷயங்களைச் சுருக்காமல் சொல்லவேண்டும். சாப்பாடு இடக்கன்னத்துக்குள் ஒதுங்கி நிற்கும், நோயாளிக்குத் தெரியாது. ஒவ்வொருமுறையும் வாயைத் திறந்து பார்த்து, கொப்பளித்த பிறகுதான் சாய விடவேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு கழன்றுபோகும். சக்கர நாற்காலியில் போகும்போது இடக்கை சில்லுக்குள் போகாமல் மடியில் தலையணை வைத்து அதன்மேல் வையுங்கள். சட்டை போடும்போது பலமில்லாத கையை முதலில், கழற்றும்போது பலமுள்ள கையை முதலில். கட்டு இல்லாத கிணறு முற்றத்தில் இருந்தால் உடனே வேலி அடையுங்கள். சைக்கிள், மோட்டார் சைக்கிள், லாண்ட்மாஸ்டர் எதையும் கொடுக்காதீர்கள். நடக்கிறார், கதைக்கிறார், பகிடி விடுகிறார், ஆகவே சுகம் என்று நினைத்துத் திறப்பைக் கொடுக்கிறவர்கள் உண்டு. இடப்பக்கத்தால் வரும் உழவு இயந்திரத்தை அவர் காணமாட்டார்.

இடமூளை அடிபட்டவர்களின் கதை வேறு. எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணை இருக்கிறார். 2009இல் தலையின் இடப்பக்கத்தில் எறிகணைத் துண்டு பட்டது. சொல்வது எல்லாம் விளங்கும், திருப்பிச் சொல்ல இரண்டு மூன்று சொல்லுக்குமேல் வராது. 1861இல் பாரிசில் போல் புரோக்கா பார்த்த நோயாளி 'தான்' என்ற ஓர் ஒலியை மட்டும் சொல்லக்கூடியவராக இருந்தார். இறந்தபின் மூளையைப் பார்த்தபோது முன்பகுதியின் இடப்பக்கம் பழுதடைந்திருந்தது. வலக்கைக்காரரில் ஏறக்குறைய 95 வீதத்தினருக்கும், இடக்கைக்காரரிலும் சுமார் 70 வீதத்தினருக்கும் மொழி இடமூளையில்தான். பறவையிலும் இதற்கு ஒப்பானது உண்டு. 1970களின் தொடக்கத்தில் நொற்றெபோம் என்ற ஆய்வாளர் சாஃபின்ச் என்ற ஐரோப்பியக் குருவியின் குரலுறுப்புக்குப் போகும் இடநரம்பை வெட்டியபோது பாட்டின் பெரும்பகுதி போய்விட்டது. வலநரம்பை வெட்டியபோது இழப்புச் சிறிது.

ஆனால் அந்த அண்ணை வற்றாப்பளை அம்மன் கோயிற் பொங்கலுக்கு வந்தால் சனத்தோடு சேர்ந்து தேவாரத்தை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை தெளிவாகப் பாடுவார். முதன்முதல் கேட்டபோது பக்கத்தில் நின்ற அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டு வலமூளையின் துணையோடும் வரும். பொஸ்டனில் 1970களில் இதை வைத்தே ஒரு பேச்சுப் பயிற்சியை உருவாக்கினார்கள்: சொல்ல வேண்டிய சிறு வசனத்தை இராகமாக இழுத்து, இடக்கையால் தாளம் தட்டிச் சொல்வது, பிறகு இராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. எல்லோருக்கும் பலிக்காது. 'தண்ணி தாங்கோ', 'வயித்துக்க நோகுது' என்ற இரண்டையும் அவர் அப்படித்தான் மீட்டார். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவர் சிறுவயதிலிருந்து பாடமாக்கிய பாட்டிலிருந்து தொடங்குங்கள். உரத்துக் கத்திக் கேட்காதீர்கள், காதில் பழுதில்லை. ஆம், இல்லை என்று தலையசைக்கக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்.

படிப்பிக்கிறவளாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். 'உங்கள் பிள்ளை இடமூளைக்காரரா, வலமூளைக்காரரா' என்று கேட்டுக் காசு வாங்கும் வகுப்புகள் எங்கள் பட்டினங்களுக்கும் வந்துவிட்டன. அமெரிக்காவில் யூற்றா பல்கலைக்கழகத்தினர் 2013இல் 1,011 பேரின் மூளை ஸ்கான்களைப் பார்த்தார்கள். சில வேலைகள் ஒருபக்கம் கூடுதலாக நடப்பது உண்மை. ஆனால் ஒரு ஆள் முழுக்க இடமூளைக்காரர், வலமூளைக்காரர் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு முட்டையும் புத்தகமும் வாங்கிக் கொடுங்கள். இடக்கையால் எழுதுகிற பிள்ளையின் கையில் அடிக்கவும் வேண்டாம். என் வகுப்பில் பிள்ளைகளுக்கு நீளக் கோடு கீறிக் கொடுத்து, அளக்காமல் நடுவைக் குறிக்கச் சொல்வேன். பெரும்பாலானோர் உண்மையான நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகவே குறிப்பார்கள். சுகமான மூளையில் வலப்பாதியின் கவனம் சற்று ஓங்கியிருப்பதன் அடையாளம் அது. புறாவும் கோழிக்குஞ்சும் தானியம் பொறுக்கும்போது இடப்பக்கத்தில் கூடுதலாகக் கொத்துவதை 2005இல் காட்டினார்கள். அப்பா அதே கோட்டில் வல ஓரத்துக்குக் கிட்டத்தான் குறித்தார். மாதம் ஒருக்கால் திகதி போட்டு ஒரே நீளக் கோட்டில் குறிக்கச் செய்து சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி நடுவை நோக்கி நகர்வது டொக்டருக்கும் பயன்படும், வீட்டுக்காரருக்கும் தெம்பு தரும்.

பார்க்கிற ஆட்களின் நித்திரையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. வார்ட் வாங்கிலில் கிடந்த முதல் இரவு எனக்குக் கண் மூடியும் மூடாததுமாக இருந்தது. வாத்துகள் வரிசையாக நித்திரை கொள்ளும்போது கரையில் கிடப்பவை வெளிப்பக்கக் கண்ணைத் திறந்தபடி மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்க விடும் என்று 1999இல் கண்டார்கள். மனிதருக்கு அந்த வல்லமை இல்லை. ஆனாலும் புது இடத்தில் முதல் இரவு இடமூளை மற்றப் பாதியைவிட மேலோட்டமாகவே உறங்குகிறது என்று 2016இல் பிரவுண் பல்கலைக்கழகத்தினர் காட்டினார்கள். ஆகவே முதல் இரவு கிடந்தவரையே அடுத்த நாள் டொக்டர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்க வைக்காதீர்கள். ஆளை மாற்றுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முந்தியது. வாய் ஒருபக்கம் இழுத்தால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், அல்லது கூப்பிட்டால் ஒருபக்கம் திரும்பவே மறுத்தால், எண்ணெய் தேய்க்கவோ தேத்தண்ணி பருக்கவோ நிற்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி பொருத்தமானவர்களுக்கு நாலரை மணித்தியாலத்துக்குள் போடப்படவேண்டும். ஒட்டுசுட்டானுக்கு அங்கால் இருக்கிற எங்களுக்கு ஸ்கான் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அதில் பெரும்பங்கு கழிந்துவிடும். அவர் கடைசியாகச் சுகமாக இருந்ததைப் பார்த்த நேரத்தை ஒரு துண்டில் எழுதி நோயாளியின் சட்டைப் பையில் வையுங்கள். நித்திரையால் எழும்பும்போதே அப்படி இருந்தால், படுக்கப்போன நேரத்தை எழுதுங்கள். டொக்டர் முதல் கேட்கிற கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.